அவரு கேக்கச் சொன்னாருங்க

“எங்கூட்டுக்காரரு கேக்கச் சொன்னாருங்க” என்றுதான் அந்த அக்கா ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பார். வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும். அதற்கப்புறம்தான் “சாப்டீங்களா அம்மணி?” எல்லாம்.

அப்போது நான் விவசாயிகளுக்கான இலவசத் தொலைபேசி மையம் ஒன்றில் வேலை பார்த்தேன். வேளாண்மைப் பட்டம் வாங்கிவிட்டு, மண்ணை மிதிக்காமல், சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் ஏசிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பேன். தக்காளிச் செடிக்கு என்ன மருந்து, ரோட்டவேட்டருக்கு மானியம் உண்டா, ஊக்கத்தொகை இந்தத் தவணை ஏன் வரவில்லை. பாதிப் பேர் கேள்வி கேட்பார்கள், மீதிப் பேர் அரசாங்கத்தைத் திட்டுவார்கள். நான்தான் அரசாங்கம் என்று நினைத்து என்னையே திட்டுகிறவர்களும் உண்டு. இன்னும் சிலருக்கு என் கல்யாணத்தைப் பற்றி மட்டும்தான் கவலை. எனக்குப் பொறுமை கம்மி. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நானும் பதிலுக்குத் திட்டுவேன், அவர்களுக்குக் கேட்காமல்.

இத்தனை பேருக்கு நடுவில் அந்த அக்காவின் குரல் எனக்குத் தனியாகப் பிடிபட்டதற்குக் காரணம், அவர் பதிலைக் கேட்கிற விதம். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். உடனே போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவருக்குச் சத்தமாகச் சொல்வார்.

“சொட்டுநீருக்குச் சிறு விவசாயின்னா முழு மானியமுங்க.”

“ஏனுங்க, கேட்டீங்களா? சின்ன வெவசாயிக்கு முழுசும் அவங்களே குடுத்துருவாங்களாமா!”

“அதுக்குப் பட்டா, அடங்கல், சிறு விவசாயிச் சான்று வேணுமுங்க.”

“பட்டா, அடங்கல் எல்லாம் வேணுமாமா. நீங்க அந்தப் பீரோவுல வெச்சீங்களே, அதுதானுங்க.”

அவர் சொல்லி முடிக்கும் வரை நான் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு வாக்கியம் சொல்லுவேன், நிறுத்துவேன், அவர் அந்தப் பக்கம் சொல்லுவார், அடுத்த வாக்கியம். பக்கத்து இருக்கைத் தோழி, “என்னடி, குறுந்தகவல் மாதிரிப் பேசற?” என்று கேலி செய்வாள்.

அந்த வீட்டுக்காரரைப் பற்றி எனக்குள் ஒரு படம் இருந்தது. கயிற்றுக் கட்டிலில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, போனில் ஒரு சின்னப் பெண்ணிடம் கேள்வி கேட்பது தன் கௌரவத்துக்கு ஆகாது என்று பெண்டாட்டியைப் பேசவிட்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கிற ஆள். அப்படிப்பட்ட ஆட்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவே பாதி அந்த ரகம். அதனால் ஒருநாள் கூட அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை என்பது விசேஷமாகத் தோன்றவில்லை.

தோட்டம் பொள்ளாச்சிக்குத் தெற்கே. தென்னைதான் முழுக்க. மோட்டார் அறையிலிருந்துதான் அக்கா பேசுவார். மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்த உடனே மோட்டாரைப் போட வேண்டும், அதனால் அங்கேயே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எங்களைக் கூப்பிடுவார். பேச்சுக்கு நடுவில் மோட்டார் உறுமும். “கரண்டு வந்துபோச்சுங்க, வெச்சர்றேன் அம்மணி” என்று பாதி பதிலில் வைத்துவிடுவார். வேறு யாராவது எடுத்தால், “கோபிக்காரப் புள்ள இல்லீங்களா?” என்பார். நான் கோபி ஊர்ப் பக்கத்துக்காரி என்பதை முதல் அழைப்பிலேயே என் பேச்சை வைத்துக் கண்டுபிடித்திருந்தார். தோழிகள் சிரித்துக்கொண்டே எனக்கு மாற்றிவிடுவார்கள்.

அக்காவுக்கு எல்லாத் திட்டமும் தெரிய வேண்டும். ஆனால் ஒன்றும் சரிப்படாது. மரம் ஏறும் கருவிக்கு மானியம் இருக்கிறது என்றால், “அவருக்கு மெசினு பத்தின வேலையே ஆவாதுங்க” என்பார். ஊடுபயிராகக் கோகோ போடலாம், கன்று தருகிறார்கள் என்றால், “நெழலுல காலு வெக்க எடமில்லாமப் போயிருமுன்னு அவரு வைவாருங்க.” பண்ணைக் குட்டை வெட்டலாம் என்றேன். “ஆழமா இருந்தா அவருக்குப் பயமுங்க, நீச்சல் தெரியாது.” ஒரு மனிதருக்கு இத்தனை வேண்டாம் இருக்குமா என்று எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும். இந்த அக்கா பாவம், இந்த ஆளைக் கட்டிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் கேட்டுவிட்டேன். ஊக்கத்தொகை நின்றுபோயிருந்தது. ஆதாரைச் சரிபார்க்காதவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து இ-சேவை மையத்தில் விரல் வைத்தால் போதும் என்று சொன்னேன்.

“ஆதாரு அட்டை இருக்குதுங்க.”

“அட்டை பத்தாதுங்கக்கா. அவரு விரல் வெக்கோணும்.”

“விரலுதானுங்க இல்ல.”

எனக்குப் புரியவில்லை. விபத்தில் கை போனவரோ என்று நினைத்தேன். “சரிங்கக்கா, போனைச் சித்த அவருகிட்டக் குடுங்க. நானே சொல்லிக்கறேன்” என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன்.

தூரத்தில் மயில் அகவுவது கேட்டது.

“அவரு இல்லீங்க.”

“எப்ப வருவாருங்க?”

“அதத்தானுங்க நானும் பாத்துட்டு இருக்கறேன்.”

அப்புறம் அவரே சொன்னார், அழாமல், வேறு யாரோ வீட்டுக் கதை மாதிரி. வீட்டுக்காரர் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு விற்கப் போனார். மாடு விற்றது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைச் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொள்ள வேண்டும். பழைய கயிறு விற்றவரோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். கயிறும் போய்விட்டால் பட்டியில் இருக்கிற லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று நம்பிக்கை. அன்றைக்குக் கயிறு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையில் வந்தது.

“‘நீ முன்னால போ, கயித்தை ஊட்ல குடுத்துரு, நா ஒரு டீயக் குடிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்’னு சொன்னாராமுங்க. கயித்தைக் குடுத்துவிட்டவரு வராமயா போயிருவாரு, சொல்லுங்க அம்மணி.”

அப்போதே ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மருதமலை, பழனி, ஆஸ்பத்திரி என்று தேடியிருக்கிறார்கள். சண்டையில்லை, கடனில்லை, வேறு பெண் தொடர்பும் இல்லை. டீக் குடித்துவிட்டு வருகிறேன் என்ற மனிதர் வரவில்லை, அவ்வளவுதான். மகள் ஈரோட்டில் வாழ்கிறாள். வரச் சொல்கிறாள். இவர் போவதில்லை. வீட்டுக்காரர் திரும்பித் தோட்டத்துக்கு வந்து பார்த்தால் ஆள் இருக்க வேண்டாமா.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன். எனக்கு நன்றாக நினைவிருப்பது வேறு. அவர் போனைத் தள்ளிப் பிடித்து, “விரலு வெக்க நீங்கதான் வரோணுமாமுங்க” என்று சொன்னார். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. அன்றைக்குக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஹெட்செட் மாட்டிய தலை ஒருபக்கமாக வலித்தது.

அடுத்த வாரமும் கூப்பிட்டார். “எங்கூட்டுக்காரரு கேக்கச் சொன்னாருங்க.” இவருக்கு மனநிலை சரியில்லையோ என்று கூடத் தோன்றியது. தயங்கித் தயங்கி, “அக்கா, பக்கத்துல ஆரு இருக்கறாங்க?” என்று கேட்டேன்.

சிரித்தார். “எனக்குப் பைத்தியமெல்லாம் இல்லீங்க அம்மணி. ஆரும் இல்லீன்னு தெரியும். அவரு இருக்கைலயும் இப்படித்தான், என்ன கேட்டாலும் அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் எனக்கு மண்டைல ஏறும். சொல்லாம உட்டா அன்னிக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வழக்கம்போல ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினேன். அவர் சொல்லிக்கொள்ள நேரம் வேண்டுமே.

உண்மையைச் சொன்னால், அவருடைய அழைப்புக்கு நானும் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழி இரவு வேலைக்குப் போகிறவள். நான் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள், அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே அறையில் இருந்துகொண்டு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை. நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும், ஆனால் யாரோடும் பேசியிருக்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டது அந்த அக்காதான். சாப்பிடவில்லை என்று ஒருமுறை சொன்னேன். “ஏனுங்க, இந்தப் புள்ள இன்னும் சாப்பிடலையாமா” என்று அவரிடம் சொன்னார். இல்லாத ஒருவரிடம் என்னைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. தளம் முழுக்கக் காலி நாற்காலிகள். மத்தியானம் அவர் அழைப்பு வந்தது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி கேட்டார். தென்னைக்குக் கேட்பதற்கு அது காலமே இல்லை, அது அவருக்கும் தெரியும். பட்டியில் மாடில்லாத வீட்டில் மாட்டுப் பொங்கலன்று என்ன செய்வார்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாதுதான். “கயித்துக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பொட்டு வெச்சேனுங்க” என்றார்.

ஒரே ஒருமுறைதான் என்மேல் கோபப்பட்டார். ஆடு வளர்க்கிற திட்டம் ஒன்று வந்தது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவில்லாத பெண்கள், இவர்களுக்கு இலவசமாக ஆடு. நல்ல செய்தியாயிற்றே என்று நானே ஆசையாகச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை.

“நா ஆதரவத்தவ இல்லீங்க” என்றார். “அவரு என்னைய உட்டுப்போட்டும் போவல. கைவிட்டவரு கயித்தை எதுக்குங்க குடுத்துவிடறாரு?”

போனை வைத்துவிட்டார். கரண்ட் வராமலே.

அந்தக் கோடையில் கிணறு இறங்கியது. எனக்கு அது மோட்டார் சத்தத்திலேயே தெரிந்தது. முன்பெல்லாம் கனமாக உறுமும். இப்போது கொஞ்ச நேரத்திலேயே காற்றை உறிஞ்சி இழுக்கிற சத்தம் வந்துவிடும், அவர் ஓடிப்போய் நிறுத்துவார். வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சக் கிணற்றில் தண்ணீர் பத்தாது. மேற்கு ஓரத்து மரங்களில் மட்டை தொங்குகிறது, குரும்பை கொட்டுகிறது. சொட்டுநீர் போட்டால் இருக்கிற தண்ணீர் எல்லா மரத்துக்கும் வரும். அதற்கு முழு மானியம் இருக்கிறது. ஆனால் பட்டா வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் செத்துப்போயிருக்க வேண்டும். வாரிசுக்கு வழி உண்டு, காணாமல் போனவரின் பெண்டாட்டிக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை.

டீம் லீடரிடம் கேட்டேன். “அது ரெவின்யூ விஷயம், தாலுகா ஆபீஸ்ல கேட்கச் சொல்லு” என்றார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. ஹாஸ்டலில் கீழ்த்தளத்தில் சட்டம் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவளைப் பிடித்துக் கேட்டு, அவள் தன் சீனியரிடம் கேட்டு, ஒருவழியாக விவரம் வாங்கிவிட்டேன். அந்த வாரம் அவர் கூப்பிட்டபோது பரபரப்பாகவே சொல்ல ஆரம்பித்தேன்.

“அக்கா, ஒரு வழி இருக்குதுங்க. காணாமப் போயி ஏழு வருசம் தாண்டியிருக்கோணும்.”

“ஏனுங்க, ஏழு வருசம் ஆயிருந்தாப் போதுமாமா. உங்குளுக்குத்தான் வர்ற தையோட எட்டாவுதுங்களே.”

“போலீசுல குடுத்த புகார் இருக்கோணும்.”

“புள்ள எழுதிக் குடுத்துச்சே, அது போதுமாமுங்க.”

“கோர்ட்டுல மனுப் போடோணும்.”

“கோர்ட்டுல போயிக் கேக்கோணுமாமா.”

“அவரு இறந்துட்டதா நெனைச்சுக்கலாம்னு கோர்ட்டு சொல்லிருமுங்க. அந்த உத்தரவை வெச்சுப் பட்டாவை உங்க பேருக்கு மாத்திக்கலாம்.”

நிறுத்தினேன். அவர் சொல்லட்டும் என்று.

போனைத் தள்ளிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. மூச்சு இழுத்தார். “ஏனுங்க” என்றார். அதற்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை “ஏனுங்க” என்றார். நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போன் மறுபடி காதுக்கு வந்தது. மிகச் சின்னக் குரலில், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, “இதை அவருகிட்ட எப்படிங்க அம்மணி சொல்றது?” என்றார்.

அதன்பின் அவர் கூப்பிடவில்லை.

கோடை போய், மழை வந்தது. மழையும் சரியாக இல்லை. ஒவ்வொரு முறை பொள்ளாச்சிப் பக்கத்து அழைப்பு வரும்போதும் காதைத் தீட்டிக்கொள்வேன். வேறு யாராவது வாழைக்கு மருந்து கேட்பார்கள். மற்ற இருக்கைத் தோழிகளிடமும் கேட்டுவைத்தேன், அப்படி ஒரு குரல் வந்ததா என்று. வரவில்லை. நாங்களாக யாரையும் கூப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டம். கூப்பிட்டிருந்தாலும் என்ன பேசியிருப்பேன்? சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போகிற வழியில் டீக்கடையில் நிற்பேன். டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று நினைக்கும்போதே அந்த வீட்டுக்காரர் நினைவு வந்துவிடும். முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவேன்.

நான் வேலையை விட்டு நிற்கப்போகிற மாதத்தில் வந்தது அந்த அழைப்பு. ஹெட்செட்டில் முதலில் கேட்டது மோட்டார் அறையின் எதிரொலி. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உதடு வரை சிரிப்பு வந்துவிட்டது.

“கோபிக்காரப் புள்ளைங்களா?”

“நாந்தானுங்கக்கா!”

“சொட்டுநீருக்கு எழுதிக் குடுக்கோணுமுங்க. பட்டா மாத்திப்போட்டாங்க.”

யாரும் கேட்கச் சொல்லவில்லை. நேராகக் கேள்விதான். அழைப்பைப் பதிவு செய்ய விவசாயி பெயர் போட வேண்டும். இத்தனை காலமும் வீட்டுக்காரர் பெயரைத்தான் நான் கேட்காமலே தட்டிவிடுவேன். அன்றைக்குக் கேட்டேன்.

“வெவசாயி பேருங்கக்கா?”

தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். இத்தனை நாள் பேசியும் எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் எழுந்து நின்று சொல்வது போல, இனிஷியலோடு சொன்னார். நல்ல பெயர். அதை அவரே சொல்வதற்கு எட்டு வருடமும் ஒரு நீதிமன்றமும் ஆகியிருப்பதால், நான் இங்கே எழுதப்போவதில்லை.

“சாப்டீங்களா அம்மணி?” என்று பிறகு ஞாபகம் வந்து கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். மேற்கு ஓரத்து மரங்களைக் கேட்டேன். கொஞ்சம் போய்விட்டது, மீதி நிற்கிறது என்றார். அப்புறம் ஒரு மாதிரி வேகமாகச் சொன்னார். “மாடு ஒண்ணு புடிச்சேனுங்க. சந்தைக்கு நானே போனேன். வாங்கறவங்கதானுங்க கயிறு கொண்டு போவோணும், எங்கிட்டத்தான் இருந்துச்சே.”

நான் எழுதிக்கொள்ளச் சொல்லி விவரங்களை ஆரம்பித்தேன். பட்டா புது நகல். நிறுத்தினேன். சிறு விவசாயிச் சான்று, தாசில்தாரிடம். நிறுத்தினேன். கிணற்றுத் தண்ணீரும் மண்ணும் பரிசோதனை. நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. போனைத் தள்ளிப் பிடிக்கிற சத்தம் இல்லை. மயில் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு மனுஷி மூச்சு விடுகிற சத்தம் மட்டும், காதோடு காதாக. லைன் போய்விட்டதோ என்று பயந்து, “அக்கா, இருக்கறீங்களா?” என்றேன்.

“இருக்கறேனுங்க” என்றார். “நீங்க நிறுத்தாமச் சொல்லுங்க அம்மணி. நா மட்டுந்தான் கேட்டுட்டு இருக்கறேன்.”